பூட்டிக் கிடந்த வம்சாவழி

அச்சகத்தார் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த இரண்டு பிள்ளைகளும் ‘அச்சுத்துறையில் கணினியின் வருகை’ என்று தலைப்பையும் தாங்களே எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். வருகையைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. அது வந்தது. வந்த நாளிலிருந்து அது யோசித்துக்கொண்டிருந்தது, நான் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் ஒரே அச்சகத்தில் இருபத்தாறு வருடம் கணினியில் தமிழ் எழுத்துக் கோர்த்தவள் என்று என்னை அறிமுகப்படுத்துவார்கள். உண்மையைச் சொன்னால் அதில் பாதிக் காலம் காத்திருந்திருக்கிறேன்.

வந்தவர்களில் ஒருத்தி தன் கதையைச் சொன்னாள். இப்போது மென்பொருளை விலைக்கு வாங்கவே முடியாதாம். மாதச் சந்தாதானாம். சந்தா ஒரு நாள் பிந்தினால் தான் செய்த வேலையைத் தானே திறந்து பார்க்க முடியாதாம்.

“உங்கட காலத்தில இந்தக் கரைச்சல் இல்லைத்தானே அன்ரி?” என்று கேட்டாள்.

நான் தேத்தண்ணீர் போட எழும்பிப் போனேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்தக் கட்டுரை. சங்கம் தந்த தலைப்பை மாற்றியிருக்கிறேன், மன்னிக்கவும்.

நான் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. அப்பா துறைமுகத்தில் கிளார்க். தட்டெழுத்துப் படித்து, இரண்டு வருடம் ஒரு சட்டத்தரணியிடம் காணிப் பத்திர உறுதிகள் அடித்து, பிறகு வெள்ளவத்தை அச்சகத்துக்கு வந்தேன். தினமும் இரண்டு பஸ். வந்த வருடமே கணினியும் வந்தது. முதலாளி சிவஞானம் யாழ்ப்பாணத்தவர். அச்சகத்தின் முக்கிய வேலை கல்வெட்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். முன்னால் இறந்தவரின் படம், பிறகு பதிகங்கள், பிறகு வாழ்க்கை வரலாறு, நடுவில் வம்சாவழி, கடைசியில் நன்றி நவிலல். அதற்குப் பெயர் கல்வெட்டு. ஞாயிறு தவறாமல் கத்தோலிக்கப் பூசைக்குப் போகிற நான் கிழமையில் ஆறு நாளும் பதிகம் அடித்தேன். எனக்குப் பாடமாக இருக்கும் பதிகங்களைக் கேட்டால் ஐயர்மாரே யோசிப்பார்கள்.

கல்வெட்டில் எல்லோரும் முதலில் பிரிக்கிற பக்கம் வம்சாவழிதான். படத்தைக்கூடப் பிறகு பார்ப்பார்கள். யார் யாருக்குப் பிள்ளை, யார் யாரைக் கட்டினார், இப்போது எந்த நாட்டில் என்று கோடு கோடாக இறங்கும். அதில் ஒரு பெயர் இருந்தால் அந்த ஆள் குடும்பத்தில் இருக்கிறார். இல்லாவிட்டால் இல்லை. இதற்கு மேல் விளக்கம் கிடையாது.

இனி அந்த மென்பொருள். பெயர் சொல்ல மாட்டேன். தமிழுக்கென்றே செய்தது என்று விளம்பரம். அதற்கு ஒரு டொங்கிள் உண்டு. பிரிண்டர் வயர் கொழுவுகிற இடத்தில் செருகும் தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் துண்டு. அது செருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும். கடைச் சாவியை என்னிடம் விட்டுப் போகிற முதலாளி டொங்கிளை மட்டும் பின்னேரம் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெஹிவளைக்குப் பஸ் ஏறுவார். பஸ்ஸில் பையைப் பொத்திப் பிடித்திருப்பார். பிக்பொக்கட்காரன் எடுத்திருந்தால் பாவம், அவனுக்கும் அது பிரயோசனப்பட்டிருக்காது.

திறந்தவுடன் திரையில் குத்துவிளக்கு ஒன்று வரும். அதன் ஐந்து திரியும் ஒவ்வொன்றாக எரிந்து முடியும் வரை எதையும் தொட முடியாது. கொம்பு ஒரு வரியின் கடைசியில் நிற்கும், அதற்குரிய எழுத்து அடுத்த வரியில் போய் உட்காரும். ஒரு சொல்லைத் தேடச் சொன்னால் தேடும், கண்டுபிடிக்காது. முறைப்பாடு சொன்னால் கம்பனியின் பதில் எப்போதும் ஒன்று: அடுத்த வேர்ஷனில் வரும். அடுத்த வேர்ஷனில் குத்துவிளக்குக்கு ஏழு திரி வந்தது.

விசைப்பலகையும் அவர்களுடையதே. நான் தட்டெழுத்தில் படித்தது ஒரு ஒழுங்கு, இவர்களுடையது உலகத்தில் வேறு எங்கும் இல்லாத ஒழுங்கு. ஆறு மாதத்தில் என் விரல்கள் பழையதை மறந்தன. அதற்குப் பிறகு வேறு அச்சகத்தில் கூடின சம்பளத்துக்குக் கூப்பிட்டபோதும் போக முடியவில்லை, அங்கே வேறு கம்பனியின் மென்பொருள். நாங்கள் அடித்த கோப்பை வேறு எதில் திறந்தாலும் பெட்டி பெட்டியாகத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும். முறை இது. அன்றைக்குத் திரையில் பதினாறு இலக்கம் வரும். அதை எழுதிக்கொண்டு கம்பனிக்குப் போன் எடுக்க வேண்டும். ஒரு பெண் எடுப்பாள். இலக்கங்களை நாலு நாலாகச் சொல்ல வேண்டும். அவள் திருப்பிச் சொல்வாள். நான் ஓம் என்பேன். “லைனில நில்லுங்கோ” என்பாள். சங்கீதம் கேட்கும். பிறகு அவள் பதினாறு இலக்கம் சொல்வாள், நான் அடிப்பேன். ஒரு இலக்கம் பிழைத்தால் புதிதாகப் பதினாறு வரும். ஒன்பது மணிக்கு முந்தியும் நாலரைக்குப் பிந்தியும் போன் எடுக்க மாட்டார்கள். சனி, ஞாயிறு, பௌர்ணமிக்கு விடும் போயா தினங்களில் எடுக்கவே மாட்டார்கள். செத்தவர்கள் போயா பார்ப்பதில்லை என்று நான் ஒருமுறை சொன்னேன். அந்தப் பெண் அதையும் இலக்கம் என்று நினைத்துத் திருப்பிச் சொன்னாள்.

முதலாளியைப் பற்றி இரண்டு வார்த்தை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அடிமட்டம் என்கிற அளவுகோலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிப் புரூஃப் பார்ப்பார். கணினியைத் தொட்டதே இல்லை. இரண்டடி தள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சத்தம் போட மாட்டார். சாதாரணமாக என்னை நீர் என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடி நீங்கள் ஆகிவிடும். என் சேவைக் காலத்தில் அந்த நீங்களை நாலு தரம் கேட்டிருக்கிறேன்.

மகாலிங்கம் ஐயா எங்கள் வாடிக்கையாளர். ஓய்வு பெற்ற நில அளவையாளர். பக்கத்து லேனில் மூன்றாம் மாடியில் இருந்தார். அவருடைய மனைவி இறந்தபோது கல்வெட்டு எங்களிடம்தான் அடித்தார். உறவினர் யாரோ எழுதிக் கொடுத்த வம்சாவழியில் மக்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர் இருந்தது: மூத்தவள் சாந்தினி, இளையவன் சுதாகரன். ஐயா அடிமட்டம் வைத்துச் சாந்தினியின் பெயருக்கு மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தார். அளவையாளர் போட்ட கோடு, துளி நெளிவு இல்லை.

“ஐயா, இந்தப் பேர்?” என்று கேட்டேன்.

“அது வேண்டாம் பிள்ளை.”

எடுத்துவிட்டேன். சாந்தினி ஒரு சிங்களப் பையனைக் கட்டிக்கொண்டு களனிக்குப் போனவள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். நோர்வேயிலிருந்தும் சுவிஸிலிருந்தும் ஆட்கள் வந்த அந்த வீட்டுக்கு அவளை யாரும் வரச் சொல்லவில்லை.

அந்தக் கிரியை முடிந்து ஒரு கிழமை கழித்து ஒரு பெண் கடைக்கு வந்து, அம்மாவின் கல்வெட்டில் ஒரு பிரதி மிச்சம் இருக்குமா என்று கேட்டாள். கையில் ஒரு பிள்ளை. இருந்தது, கொடுத்தேன். அவள் நின்ற இடத்திலேயே நடுப்பக்கத்தைப் பிரித்தாள். மேலிருந்து கீழே விரலை வைத்து இறக்கினாள். பிறகு புத்தகத்தைப் பைக்குள் வைத்து, “தாங்ஸ் மிஸ்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெயரை எடுத்த கை என்னுடையது என்று நான் சொல்லவில்லை.

ஆறு வருடம் போனது. ஒரு நாள் காலை மகாலிங்கம் ஐயா மூச்சிரைக்கப் படியேறி மேல்மாடிக்கு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தன்னுடைய கல்வெட்டைத் தானே எழுதி வைக்கப் போவதாகச் சொன்னார். இது புதினமில்லை, கணக்காக வாழ்ந்த ஆட்கள் சிலர் அப்படிச் செய்வார்கள். வரலாறு அரைப் பக்கம். அதை ஏற்கெனவே இரண்டு தரம் வந்து அடித்து முடித்திருந்தோம். அன்றைக்கு வந்தது வம்சாவழிக்கு. மனைவியின் கல்வெட்டுக் கோப்பிலிருந்ததை அப்படியே எடுத்து அவருடையதில் போட்டு வைத்திருந்தேன்.

“மக்கள் எண்ட இடத்தில சாந்தினியைப் போடும் பிள்ளை,” என்றார். “கடைசியில இல்லை. மூத்தது அவள். மூத்த இடத்தில போடும்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு எடுத்து மருமகனின் பெயரையும் பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் வாசித்தார். அடித்தேன். துண்டைத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டார். பிரிண்ட் எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வீட்டுக்கு வருகிற என் தம்பிமார் கண்டால் கதை வளரும், நான் போன பிறகு எடுத்தால் போதும் என்றார். சேமிக்கிற விசையைத் தட்டினேன். சேமிக்க நாலு நிமிடம் பிடிக்கும். அவர் எழும்பிவிட்டார். அந்தப் படி செங்குத்தானது, வயதான மனிதர். கையைப் பிடித்துக் கீழே வரை கொண்டுபோய் விட்டேன்.

திரும்பி வந்தபோது திரை உறைந்து கிடந்தது. அது ஒன்றும் அதிசயமில்லை, நாளுக்கு மூன்று தரம் நடக்கும். நிறுத்தி மறுபடி போட்டேன், ஏழு திரியும் எரிந்தன, கோப்புப் பட்டியலில் அவருடைய கோப்புக்கு நேரே அன்றைய தேதி இருந்தது. ஏறிவிட்டது என்று நினைத்தேன். திறந்து பார்க்கவில்லை. திறக்கவும் ஐந்து நிமிடம் பிடிக்கும், கீழே கலியாண அட்டைக்காரர் காத்திருந்தார்.

இரண்டு மாதம் கழித்து மகாலிங்கம் ஐயா இறந்துபோனார். பத்தொன்பதாம் நாள் மகன் சுதாகரன் கடைக்கு வந்தார். கனடாவிலிருந்து வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், கறுப்புச் சப்பாத்து, அதிகம் பேசாத முகம். அம்மாவின் கல்வெட்டைக் கொடுத்து வம்சாவழியை இதைப் பார்த்து அடிக்கச் சொன்னார்.

“தம்பி, ஐயா இதில ஒரு மாற்றம் செய்து வைச்சிருக்கிறார்,” என்றேன்.

“என்ன மாற்றம்?”

சொன்னேன். முதலாளி அடிமட்டத்தைக் கீழே வைத்தார்.

“எழுத்தில இருக்கோ அக்கா?” என்று சுதாகரன் கேட்டார்.

“கொம்பியூட்டரில இருக்கு.”

“அப்ப அதை எடுத்துத் தாங்கோ. வாயால சொன்னது காணாது. சித்தப்பாமார் ரெண்டு பேர் இருக்கினம், அப்பா எடுத்த பேரை நீ ஆர் போட எண்டு நாளைக்குக் கேப்பினம். அவையளுக்குக் காட்ட எனக்கு ஒரு பேப்பர் வேணும். பேப்பர் இல்லாட்டி அம்மாவின்ர புத்தகத்தில இருக்கிற மாதிரியே அடியுங்கோ.”

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, மணி ஐந்தரை, லைசன்ஸ் அன்று காலைதான் முடிந்திருந்தது. காலையிலிருந்து போன் எடுத்தேன், லைன் கிடைக்கவில்லை. சனி, ஞாயிறு. திங்கள் போயா. செவ்வாய் வரை திறக்க முடியாது என்று சொல்ல எனக்கு அவமானமாக இருந்தது. நாளைக்கு வாங்கோ தம்பி, எடுத்து வைக்கிறேன் என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு துணிவு இருந்தது. அந்தக் காலத்தில் வெள்ளவத்தை அச்சகங்கள் எல்லாவற்றுக்கும் தெரிந்த ஒரு கைவேலை உண்டு. லைசன்ஸ் முடிந்த அன்று கணினியின் தேதியை ஒரு கிழமை பின்னுக்குத் தள்ளினால் மென்பொருள் இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு திறக்கும். நானும் முன்பு இரண்டு தரம் செய்திருக்கிறேன். சனிக்கிழமை காலை தேதியைப் பின்னுக்குத் தள்ளினேன். குத்துவிளக்கு வந்தது. இரண்டு திரி எரிந்தது. மூன்றாவது எரியவில்லை. பிறகு ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது: தேதியில் கைவைக்கப்பட்டுள்ளது, அனுமதி ரத்து, கம்பனியைத் தொடர்புகொள்ளவும். முந்தின மாதம் கம்பனி ஆள் வந்து புதிதாக எதையோ ஏற்றிவிட்டுப் போனான். கொம்பைச் சரி செய்ய வந்தான் என்று நினைத்திருந்தேன். அவன் சரி செய்தது இதை.

மகாலிங்கம் ஐயாவின் கோப்பு மட்டுமில்லை, பன்னிரண்டு வருடத்துக் கோப்புகள் எல்லாம் உள்ளே. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் திரையை இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்.

“ரெஜினா, நீங்கள் ரீ குடிச்சிட்டியளோ?” என்று கேட்டார்.

அந்த நீங்களைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. குடித்துவிட்டேன் என்று சொன்னேன். பின்னேரம் வந்த சுதாகரனிடம், மென்பொருள் பூட்டிக்கொண்டது, திறந்ததும் அறிவிக்கிறோம் என்று முதலாளியே சொல்லி அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை கம்பனியிலிருந்து நிஷாந்த வந்தான். நல்ல பையன். திரையைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தான். “மட்ட கரன்ன தெயக் நே மிஸ்,” என்றான். தன்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லையாம். கோப்பெல்லாம் சுகமாகத்தான் இருக்கிறதாம், கதவு மட்டும் பூட்டு, சாவி மெனேஜரிடம். போகும்போது, தேதியை மாற்றாத அச்சகம் ஒன்றைத் தான் இன்னும் காணவில்லை என்றும் சொன்னான். ஆறுதலுக்குத்தான் சொன்னான்.

வியாழக்கிழமை முதலாளியும் நானும் கொள்ளுப்பிட்டியில் கம்பனிக்குப் போனோம். இருபத்தைந்தாம் நாள். மெனேஜர் தமிழர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், ஏசி போட்ட அறை. எங்களுக்குப் பிஸ்கட் வைத்தார்.

“உங்கட ஸ்டாஃப் டேற்றை மாத்தியிருக்கினம்,” என்றார்.

“மாத்தினது பிழைதான்,” என்றார் முதலாளி. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“அப்ப பழைய லைசன்ஸ் முடிஞ்சுது. புது வேர்ஷன் எடுக்க வேணும்.”

“எடுத்தால் பழைய கோப்பெல்லாம் திறக்குமோ?”

“நேரா திறக்காது. கன்வேர்ட் பண்ணித் தருவம். ஆனா அது சேர்விஸ் அக்றிமென்ற் போட்ட கஸ்டமருக்குத்தான். அஞ்சு வருசம்.”

“ஒரு கோப்பு மட்டும் திறந்து தர ஏலாதோ? செத்தவரின்ர. முப்பத்தொண்டு வருகுது.”

“அனுதாபம்,” என்றார் மெனேஜர். உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். “ஆனா ஒராளுக்குச் செய்தால் எல்லாருக்கும் செய்ய வேணும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “உள்ளுக்கு இருக்கிறது நான் அடிச்சது சேர். ஒவ்வொரு எழுத்தும் நான் அடிச்சது,” என்றேன்.

“கண்டென்ற் உங்கட மிஸ். ஃபோர்மற் எங்கட.”

பிஸ்கட் தட்டை என் பக்கம் கொஞ்சம் தள்ளினார். இந்த மனிதனின் கழுத்துப்பட்டியை மாட்டி இழுத்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். பாவ சங்கீர்த்தனத்தில் பிறகு சொன்னேன்.

முதலாளி ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மெனேஜரின் மேசையிலிருந்த அடிமட்டத்தை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைத்தார். ஆறு பக்கம், வரி வரியாக. மெனேஜர் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு அச்சுப் பிழையும் ஐந்தாம் பக்கத்தில் ஒன்றும் இருந்தன. முதலாளி இரண்டையும் விளிம்பில் திருத்தினார். பிறகு கையெழுத்து வைத்தார்.

பஸ் நிறுத்தத்தில் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அஞ்சு வருசம் ஐயா, என்னால வந்தது என்றேன்.

“முப்பத்தொண்டுக்குப் புத்தகம் இல்லாமல் எங்கட கடையில இருந்து ஒருதரும் போனதில்லை,” என்றார். பஸ் வந்தது. “நீர் முதல்ல ஏறும்.”

அவர் சொன்ன ‘நீர்’ என் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இருபத்தொன்பதாம் நாள் காலை நிஷாந்த புது டொங்கிளோடு வந்தான். இது நீல நிறம். ஒரு கோப்பை மாற்ற ஒரு காலைப்பொழுது முழுவதும் பிடித்தது. சுதாகரன் கீழே முதலாளியோடு உட்கார்ந்திருந்தார். அன்று புரூஃப் போனால்தான் முப்பத்தொன்றுக்குப் புத்தகம் கட்டி முடியும். பன்னிரண்டரைக்கு முடிந்தது என்று சொல்லிவிட்டு நிஷாந்த சோற்றுப் பார்சல் வாங்கப் போனான். நான் தனியாகக் கோப்பைத் திறந்தேன்.

படம் இருந்தது. பதிகம் இருந்தது. வரலாறு அரைப் பக்கம் இருந்தது. வம்சாவழிக்கு வந்தேன். மக்கள்: சுதாகரன், கனடா.

மேலும் கீழும் போய்ப் பார்த்தேன். தேடச் சொன்னேன். தேடியது, கண்டுபிடிக்கவில்லை. அது புதிதல்ல என்றாலும் அன்றைக்கு அது சொன்னது சரி. கண்டுபிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. மகாலிங்கம் ஐயா வந்த அன்று சேமிக்கும்போது உறைந்தது ஞாபகம் வந்தது. தேதியை முதலில் எழுதிவிட்டு எழுத்தைப் பிறகு எழுதுகிற மென்பொருள் அது. தேதி ஏறியிருக்கிறது. சாந்தினி ஏறவில்லை.

நான் அந்தக் கதிரையில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. முதலாளி ஐந்து வருடத்துக்குக் கையெழுத்து வைத்தது இந்த வெற்றிடத்துக்கு. கீழே போய் இல்லை என்று சொன்னால் புத்தகம் அம்மாவின் புத்தகம் மாதிரியே அடிபடும். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் ஒரு பிரதி கேட்டு வருவாள். என் முன்னால் நின்று விரலை இறக்குவாள். இரண்டாம் தரமும் அவளை எடுத்தவள் நானாக இருப்பேன். மகாலிங்கம் ஐயா என் பக்கத்தில் இருந்து சொன்னார், நான் என் காதால் கேட்டேன், மூத்த இடத்தில் போடச் சொன்னார். இதை அறிந்த இன்னொரு ஆள் உலகத்தில் இல்லை.

அடித்தேன். சாந்தினி, களனி. மருமகன் றோகண. பேரப்பிள்ளைகள்: நிலுகா, சஞ்சீவ. அந்தத் துண்டில் வேறு பெயரும் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. இருவரோடு விட்டேன். சுதாகரனை அதற்குக் கீழே இறக்கினேன்.

அந்த மென்பொருள் ஒவ்வொரு புரூஃபின் அடியிலும் சின்ன எழுத்தில் கோப்பின் பெயரையும் கடைசியாகச் சேமித்த தேதியையும் அடிக்கும். சேமிக்காமல் பிரிண்ட் எடுத்தால் பழைய தேதிதான் விழும், கோப்பைப் புது வேர்ஷனுக்கு மாற்றியதும் அந்தத் தேதியைத் தொடவில்லை. எது புதிய புரூஃப் எது பழையது என்று தெரியாமல் இதனால் பட்ட பாட்டைப் பற்றிக் கம்பனிக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். அன்றைக்குச் சேமிக்கவில்லை. பிரிண்ட் எடுத்தேன். அடியில் மகாலிங்கம் ஐயா படியேறி வந்த நாளின் தேதி விழுந்தது.

கீழே கொண்டுபோய் சுதாகரனின் கையில் கொடுத்தேன். முதலாளி வெளியே கடதாசி இறக்குகிறவர்களைப் பார்க்கப் போயிருந்தார்.

சுதாகரன் முதலில் அடியிலிருந்த தேதியைப் பார்த்தார். பிறகு வம்சாவழியைப் பார்த்தார். அக்காவின் பெயரில் வெகுநேரம் நின்றார். பெருவிரலால் அதைத் தொட்டார் என்றும் நினைக்கிறேன். பிறகு பையிலிருந்து பேனா எடுத்தார்.

“மூண்டு பிள்ளையள் அக்கா,” என்றார். “கடைசி இஷாரா. இப்ப மூண்டாம் வகுப்பு.”

சஞ்சீவவுக்குப் பக்கத்தில் இஷாரா என்று எழுதினார். ஒரு முறைகூட அடித்துத் திருத்தாமல் எழுதினார். பிறகு பக்கத்தின் மூலையில் அச்சிடலாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பேனாவை மூடிப் பையில் கொழுவினார். அதற்குப் பிறகுதான் கேட்டார்.

“அப்பா உண்மையாச் சொன்னவரோ?”

“சொன்னவர் தம்பி. மூத்த இடத்தில போடும் எண்டு சொன்னவர். நான்தான் அது ஏறினதோ எண்டு பாக்கேல்லை. இண்டைக்குத் திறந்தால் உள்ளுக்கு இல்லை.”

சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“இது என்னட்டை இருக்கட்டும்,” என்றார். “சித்தப்பாவையளுக்குக் காட்ட இன்னொண்டு எடுத்துத் தாங்கோ. மூண்டு பிள்ளையளும் அடிச்சிருக்க வேணும். கீழ கிடக்கிற தேதி அப்பிடியே இருக்கட்டும்.”